பழி நிற்கும் படி: கர்நாடகக் காவல் உதவி ஆய்வாளர் தேர்வு முறைகேடும் பதவி தப்பித்தலின் அரசியலும்

நியமன முறைகேடு ஒன்று வெடித்தபின் அதற்குப் பொறுப்பான தலைவர் பதவியில் நீடிப்பாரா என்ற கேள்விக்குக் குற்றத்தின் கனத்தை வைத்தே விடை தேடுவது வழக்கம். பழி எந்தப் படியில் நிற்கிறது, பாதிக்கப்பட்டோர் ஒரே அணியாகத் திரள்கிறார்களா என்ற இரண்டுமே அதைவிட முக்கியமானவை என்பது இக்கட்டுரையின் வாதம்.

கர்நாடகத்தில் 545 காவல் உதவி ஆய்வாளர் பணியிடங்களுக்கு 2021 அக்டோபர் 3 அன்று எழுத்துத் தேர்வு நடந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். கலபுரகியில் ஒரு தனியார் பள்ளி மையத்தில் விடைத்தாளில் கைவைக்கப்பட்டதாக எழுந்த புகார் சிஐடி விசாரணையானது. 2022 ஏப்ரல் இறுதியில் தேர்வு ரத்தானது. ஜூலையில் காவல் ஆள்சேர்ப்புப் பிரிவின் தலைவராக இருந்த கூடுதல் டிஜிபி அம்ருத் பால் கைதானார். உள்துறை அமைச்சர் அரக ஞானேந்திராவும் முதல்வர் பசவராஜ் பொம்மையும் பதவியில் நீடித்தனர். பழி அதிகாரியின் படியோடு நின்றது.

அதே ஏப்ரலில் அமைச்சர் கே.எஸ். ஈஸ்வரப்பா பதவி விலகினார். ஒப்பந்ததாரர் ஒருவர் அவர் பெயரைச் சொல்லிவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். சில மாதங்களில் ஈஸ்வரப்பாவுக்கு எதிராகச் சான்றில்லை என்று காவல்துறையே அறிக்கை தந்தது. குற்றத்தின் கனமே அளவுகோல் என்றால் இந்த முரணை விளக்க முடியாது. அங்கே ஒரு மரணமும் ஒரு பெயரும் நேராக இணைந்திருந்தன. இங்கே அமைச்சருக்கும் விடைத்தாளுக்கும் இடையே பல படிகள் இருந்தன.

பாதிக்கப்பட்டோரும் இரண்டாகப் பிரிந்தனர். தேர்வாகாதவர்கள் ரத்தை வரவேற்க, நேர்மையாகத் தேர்வானவர்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் ஏறினர். அரசின் மீது திரும்பியிருக்க வேண்டிய கோபம் அவர்களுக்குள்ளேயே மோதிக்கொண்டது.

பழி உச்சிப்படியைத் தொட்டாலும் தலைவர் தப்பலாம். தலைமை ஊழல் கண்காணிப்பு ஆணையராக பி.ஜே. தாமஸ் 2010இல் நியமிக்கப்பட்டபோது, தேர்வுக் குழுவில் இருந்த எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா சுவராஜ் எதிர்ப்பைப் பதிவு செய்திருந்தார். 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்நியமனத்தைச் செல்லாததாக்கியது. பிரதமர் மன்மோகன் சிங் பொறுப்பேற்றார், பதவியில் தொடர்ந்தார். அங்கே வேலை இழந்து வீதிக்கு வந்த கூட்டம் எதுவும் இல்லை.

2023 கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலில் 224 இடங்களில் ஆளுங்கட்சியான பாஜக 66க்குச் சுருங்கியதே தண்டனை அல்லவா என்று கேட்கலாம். ஆனால் அரசு ஒப்பந்தங்களில் ‘நாற்பது சதவீதக் கமிஷன்’ என்ற குற்றச்சாட்டு, விலைவாசி, காங்கிரஸின் உத்தரவாதங்கள் ஆகியவற்றிலிருந்து இந்த ஒரு முறைகேட்டின் பங்கைப் பிரித்தெடுக்க இயலாது. மேலும், தீர்த்தஹள்ளியில் ஞானேந்திரா மீண்டும் வென்றார். விலையைக் கட்சி கொடுத்திருக்கலாம். துறை அமைச்சர் கொடுக்கவில்லை.

ஆகவே தலைவர் தப்பினாரா என்பதை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. தேர்வை ரத்து செய்தது செல்லும் என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. மறுதேர்வு 2024 ஜனவரியில் நடந்தது. முதல் தேர்வுக்கும் அதற்கும் இடையே இரண்டேகால் ஆண்டு. இதற்காக அமைச்சர் எவரும் பதவி விலகவில்லை. 545 பணியிடங்கள் காத்துக் கிடந்தன.