வெள்ளித்திரை முடிச்சுகள் – 19: ஆறு மாதத்துக்கென்று வந்தவர்

போன வாரம் முடிக்கும்போது ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். 1947 ஏப்ரலில் வெளியான ‘ராஜகுமாரி’ ஒருவரை எப்படித் தூக்கிவிட்டது, அதே ஏப்ரலில் சிறைவாசலைத் தாண்டி வெளியே வந்த பாடக நட்சத்திரம் பாகவதரை ஏன் யாராலும் தூக்கிவிட முடியவில்லை என்று இந்த வாரம் சொல்வதாக. சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு அமெரிக்கரைப் பற்றி நாலு வரி மட்டும்.

எல்லிஸ் ஆர். டங்கன். 1909-ல் ஓஹையோ மாநிலத்தில் பார்ட்டன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தபோது கூடப் படித்தவர்களில் ஒருவர் மாணிக்லால் டாண்டன், பம்பாய்ப் பணக்கார வீட்டுப் பிள்ளை. ‘எங்கள் ஊருக்கு வாயேன், படம் எடுக்கலாம்’ என்று டாண்டன் கூப்பிட, டங்கன் 1935-ல் கப்பல் ஏறிவிட்டார். ஆறு மாதம் இருந்து பார்த்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. திரும்பியது பதினைந்து வருடம் கழித்து. வந்தபோதும் தமிழ் தெரியாது, போனபோதும் தமிழ் தெரியாது. நடுவில் தமிழில் அரை டஜனுக்கு மேல் படம் எடுத்துவிட்டார்.

டாண்டன் அப்போது கே.பி.சுந்தராம்பாளை நந்தனாராக வேஷம் கட்ட வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அம்மையாருக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். 1935-ல் ஒரு லட்சம்! இன்றைய நாயகிகள் இதைப் படித்துவிட்டுத் தங்கள் மேனேஜர்களைக் கூப்பிட்டுப் பேசட்டும். கோயம்புத்தூர் மருதாசலம் செட்டியார் தம் மனோரமா பிலிம்ஸுக்கு (நம் ஆச்சி மனோரமா அப்போது பிறக்கவே இல்லை) ஒரு டைரக்டர் தேடி டாண்டனிடம் வந்தார். டாண்டனுக்குக் கை ஓயவில்லை. ‘என் நண்பன் இருக்கிறான்’ என்று டங்கனைக் கைகாட்டினார்.

அந்தப் படம்தான் 1936-ல் வந்த ‘சதி லீலாவதி’. தமிழ் சினிமாவின் பாதி முடிச்சு இந்த ஒரு படத்தில் விழுந்தது என்பது என் கட்சி. ஆசிரியர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் ‘ஹரிதாஸ்’ கட்சி.

யார் யார் இருந்தார்கள் பாருங்கள். கதாநாயகன் எம்.கே.ராதா. வசனம் அவருடைய அப்பா, நாடக ஆசிரியர் கந்தசாமி முதலியார். நாயகனைக் குடிக்கப் பழக்கிக் குட்டிச்சுவராக்கும் நண்பனாக டி.எஸ்.பாலையா, முதல் படம். என்.எஸ்.கிருஷ்ணன் ஒப்புக்கொண்ட முதல் படமும் இதுதான். ஆனால் ‘மேனகா’ முந்திக்கொண்டு 1935-லேயே திரைக்கு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் ரங்கய்ய நாயுடு என்ற சின்ன வேடத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன். நாடகக் கம்பெனியில் வயிறு காய்ந்தவன். எம்.ஜி.ராமச்சந்தர் என்றுதான் அன்றைக்குப் பெயர் போட்டார்கள். ‘சந்திரன்’ ஆனது பிறகு. முன்பணமாக ஒரு நூறு ரூபாய் நோட்டு கிடைத்தது என்பார்கள்.

அந்த நூறை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கதை எஸ்.எஸ்.வாசனுடையது. ஆனந்த விகடனில் தொடராக வந்தது. படம் தயாரான சமயத்தில் ‘பதிபக்தி’ நாடகக்காரர்கள் ‘இது எங்கள் கதை, திருடிவிட்டார்கள்’ என்று கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களும் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். குடியால் சீரழியும் கணவன், பொறுத்துக்கொள்ளும் மனைவி, கெடுக்கும் நண்பன் எல்லாமே இரண்டிலும் அச்சு அசலாக இருந்தன. யார் பார்த்தாலும் திருட்டு என்றுதான் சொல்வார்கள். வாசன் சாட்சி சொன்னார். அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு இரண்டு தரப்பு வக்கீல்களும் எப்படி முழித்திருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது. என் கதையும் சொந்தமில்லை, அவர்கள் கதையும் சொந்தமில்லை. இரண்டுக்கும் மூலம் ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ என்ற இங்கிலீஷ் நாவல் என்று போட்டு உடைத்தார். வழக்கு பிசுபிசுத்தது.

நம் எழுத்தாளர்களில் இப்படிக் கூண்டில் ஏறி, ஆமாம் ஐயா, எடுத்தேன் என்று சொன்னவர்கள் எத்தனை பேர்? வாசனைப் பிரம்மாண்டத்துக்காகப் பாராட்டுகிறவர்கள் பாராட்டட்டும். எனக்கு அவர் ‘சந்திரலேகா’ முரசுகளைவிட அந்தச் சாட்சிக் கூண்டில்தான் பெரியவராகத் தெரிகிறார்.

‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ எழுதியவர் எலன் உட் என்ற ஆங்கிலப் பெண்மணி. 1860-ல் ஸ்காட்லாந்தின் மதுவிலக்குச் சங்கம் ஒன்று, குடியின் கேட்டைச் சொல்லும் நாவலுக்குப் போட்டி வைத்தது. அம்மையார் எழுதி அனுப்பிப் பரிசைத் தட்டிக்கொண்டு போனார். பரிசு எவ்வளவு தெரியுமா? நூறு பவுண்டு. அங்கே நூறு பவுண்டு, இங்கே நூறு ரூபாய். எழுபத்தாறு வருட இடைவெளி.

ஆக, ஸ்காட்லாந்துக்காரர்கள் சாராயத்தை ஒழிக்க எடுத்த முயற்சியில் எம்.ஜி.ஆருக்கு முதல் சினிமா வேலை கிடைத்தது. பிறகு ‘நான் ஏன் பிறந்தேன்’ என்று அவர் தம் கதையை எழுதியதும் வாசனின் அதே விகடனில்தான். கட்சி, கோட்டை எல்லாம் கண்டார். 1983-ல் அவருடைய அரசுதான் டாஸ்மாக் நிறுவனத்தைத் தொடங்கியது. அப்போது மொத்த வியாபாரம் மட்டும்; சில்லறைக் கடை பிறகு வந்தவர்கள் கைங்கரியம். மதுவிலக்குப் படத்தில் இன்ஸ்பெக்டராக வந்து சினிமாவில் கால் வைத்தவர், கோட்டையில் உட்கார்ந்து மது வாணிபக் கழகத்துக்குக் கையெழுத்துப் போட்டார். இதை ஒரு கதாசிரியர் எழுதிக்கொண்டு வந்தால், ‘ரொம்ப இழுக்கிறீங்க சார்’ என்று தயாரிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

எம்.கே.ராதாவையும் விட்டுவிட மனம் வரவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து, அவருடைய முதல் படத்துக்குக் கதை எழுதிய அதே வாசன் ‘சந்திரலேகா’வில் அவரை நாயகனாகப் போட்டார். அடுத்த வருடமே ‘அபூர்வ சகோதரர்கள்’, இரட்டை வேடம். அதே கதையை 1971-ல் ‘நீரும் நெருப்பும்’ என்று திரும்ப எடுத்தபோது அந்த இரட்டை வேடத்தைக் கட்டியவர் நம் பழைய இன்ஸ்பெக்டர், எம்.ஜி.ஆர். ராதாவை அவர் கடைசிவரை அண்ணன் ஸ்தானத்தில் வைத்திருந்தார். அந்தக் குடும்பத்தின் உதவியை அவர் மறந்ததில்லை. இந்த ஒரு விஷயத்தில் எம்.ஜி.ஆரின் மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

கமல் ஹாசன் வந்தார். 1989-ல் ‘அபூர்வ சகோதரர்கள்’ என்ற தலைப்பை எடுத்துக்கொண்டார். 1995-ல் ‘சதி லீலாவதி’யையும் எடுத்துக்கொண்டார். கதைகளுக்குச் சம்பந்தமில்லை. ஆனால் ராதாவின் முதல் படப் பெயரையும் இரட்டை வேடப் படப் பெயரையும் ஒரே ஆள் எடுத்துக்கொண்டதைக் கவனியுங்கள். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. இரண்டாவது ‘சதி லீலாவதி’யில் ஃபே வெல்டன் எழுதிய பேய்ப் பெண்டாட்டி நாவலின் சாயல் அடிக்கிறது. அவரும் இங்கிலீஷ் நாவலாசிரியைதான்! முதல் படத்தைத் தயாரித்த செட்டியார் கோயம்புத்தூர்க்காரர். இரண்டாவது படத்தில் கமலும் கோவை சரளாவும் பேசிய பாஷை எந்த ஊர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டங்கனிடம் திரும்புவோம். நாலு வரி என்றேன், தெரியும்.

1937-ல் ‘அம்பிகாபதி’. வசனம் எழுத வந்த இளங்கோவனிடம் ‘ரோமியோ ஜூலியட்’டைக் கொடுத்து, காதல் காட்சி இந்த மாதிரி வேண்டும் என்றார். தமிழ் தெரியாதவர் கேட்டதால்தான் தமிழ் வசனத்துக்குப் புது நடை பிறந்தது. வசனகர்த்தா பெயருக்கென்று ஜனங்கள் படம் பார்க்க ஆரம்பித்தது இளங்கோவனிலிருந்துதான். 1957-ல் சிவாஜியை வைத்து ‘அம்பிகாபதி’யை மறுபடி எடுத்தபோது கம்பராக நடித்தவர் யார்? எம்.கே.ராதா! டங்கனின் முதல் நாயகன், டங்கன் படத்தின் மறுபிறவியில் நாயகனுக்கு அப்பா.

எம்.எஸ்.சுப்புலட்சுமியை வைத்து ‘சகுந்தலை’யும் ‘மீரா’வும் எடுத்தார். ‘மீரா’வுக்காக எம்.எஸ்ஸின் முகத்தைச் சிலையாக வடிக்கச் செய்து, விளக்கை மேலே கீழே பக்கவாட்டில் வைத்து எந்தக் கோணத்தில் அந்த முகம் எப்படி நிற்கிறது என்று முன்கூட்டியே பரீட்சை செய்து பார்த்தார். ஒளிப்பதிவாளர் ஜித்தன் பானர்ஜி கூட இருந்து உழைத்தார். இன்றும் ‘மீரா’வில் அந்த முகத்தைப் பார்க்கிறவர்கள் தெய்வீகம் என்று கைகூப்புகிறார்கள். தெய்வீகத்தில் பாதி எம்.எஸ்ஸுடையது. மீதிப் பாதி, சிலையின் மூக்கு நிழலை அளந்துகொண்டிருந்த ஓஹையோக்காரருடையது. இதைச் சொன்னால் மைலாப்பூர் வாசகர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

அந்த ‘மீரா’விலும் ஒரு சின்ன வேடத்தில் எம்.ஜி.ஆர். இருக்கிறார். 1945. ‘சதி லீலாவதி’ வந்து ஒன்பது வருடம். அதே டைரக்டர், அதே மாதிரி துக்கடா வேடம். நடுவில் ‘இரு சகோதரர்கள்’ என்ற டங்கன் படத்திலும் அப்படியே. டங்கன் அவரை ஏறெடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. என் கதாநாயகன் டங்கனாக இருந்தாலும் இந்த இடத்தில் அவருக்குக் கண் கொஞ்சம் மட்டு.

1950-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர்.சுந்தரத்தின் சாம்ராஜ்யம். குண்டலகேசிக் கதையை வைத்துக் கருணாநிதி எழுதிய ‘மந்திரி குமாரி’யை டங்கன் இயக்குகிறார். நாயகன் எம்.ஜி.ஆர். பழைய இன்ஸ்பெக்டர் இப்போது தளபதி. அவர் மோவாய்க் குழியை டங்கன் குறை சொல்ல, அதை மறைக்க ஒரு குறுந்தாடி ஒட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. எம்.எஸ். முகத்துக்குச் சிலை, எம்.ஜி.ஆர். முகத்துக்குத் தாடி! பிற்பாடு தாய்மார்கள் அந்த மோவாயைத்தான் சுவர் நிறைய ஒட்டி வைத்தார்கள்.

தமிழ்நாட்டின் இரண்டு முதல்வர்கள் ஒரே படத்தில், ஒருவர் எழுதுகிறார், ஒருவர் நடிக்கிறார். ‘ஆக்‌ஷன்’ சொல்லும் ஆளுக்கு இருவர் பேசுவதும் புரியாது. இந்தக் காட்சியை எனக்கு நேரில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. படம் முடியும் முன்பே டங்கன் ஊருக்குக் கிளம்பிவிட்டார். மிச்சத்தைச் சுந்தரமே எடுத்து முடித்தார். டங்கனின் முதல் தமிழ்ப் படத்தில் எம்.ஜி.ஆர். வந்தார். எம்.ஜி.ஆர். காலூன்றிய படத்தோடு டங்கன் போனார்.

போனவர் சும்மா இருந்தாரா? மாடர்ன் தியேட்டர்ஸ் கூட்டில் ‘தி ஜங்கிள்’ என்ற ஹாலிவுட் படத்துக்காக 1950-களின் தொடக்கத்திலேயே திரும்ப வந்தார். வில்லியம் பெர்க் டைரக்‌ஷன். ராட் கேமரன், சீசர் ரொமேரோ நடிப்பு. காட்டில் பழங்கால மாமத யானைகள் திரிவதாகக் கதை. மாமதத்துக்கு எங்கே போவது? நம் ஊர் யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்தி நடக்க விட்டார்கள். தென்னிந்திய வெயிலில் கம்பளி போர்த்திய யானைகள்! தமிழிலும் ‘காடு’ என்று வந்தது. டங்கன் பிறகு மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் என்ற ஊரில் குடியமர்ந்து ஆவணப்படங்கள் எடுத்தார். 2001 டிசம்பரில் காலமானார், தொண்ணூற்றிரண்டு வயதில். தம் எம்.ஜி.ஆர். முதல்வராகி, மறைந்து, அவருடைய கட்சி உடைந்து சேர்ந்து மறுபடி ஆட்சிக்கு வந்தது வரை எல்லாவற்றுக்கும் அந்த மனிதர் உயிரோடு இருந்திருக்கிறார்.

சரி, ‘ராஜகுமாரி’. ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார், பக்கம் முடிகிறது. சுருக்கமாக: ஏ.எஸ்.ஏ.சாமி அந்தக் கதையை பி.யு.சின்னப்பாவையும் டி.ஆர்.ராஜகுமாரியையும் மனதில் வைத்துத்தான் எழுதினார். ஜூபிடர் சோமு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, செலவைக் குறைத்து, கம்பெனியில் இருக்கிற எம்.ஜி.ஆரையே போடலாம், நாயகிக்குக் கே.மாலதி போதும் என்றார். வசனத்துக்குக் கை கொடுத்தவர் இருபத்து மூன்று வயது நிரம்பாத கருணாநிதி. படமானது எங்கே? கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில். மறுபடி கோயம்புத்தூர்! ஏப்ரல் 11-ல் படம் வந்தது. ஏப்ரல் 25-ல் பாகவதரும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் விடுதலை. இரண்டு வாரம்தான் இடைவெளி.

அந்த இரண்டு வாரத்தை அடுத்த இதழில் நாள் நாளாக எழுதுகிறேன். டங்கன் குறுக்கே வரமாட்டார். சின்னப்பா வருவார், அவர் புதுக்கோட்டையில் வாங்கிப்போட்ட வீடுகளைப் பற்றி மட்டும் நாலு வரி.

(தொடரும்)