வேக்போர்டு கத்துக்குறீங்களா? ஃபின்களை எப்போ கழற்றலாம்?

படகோ, தலைக்கு மேலே ஓடும் கேபிளோ இழுத்துச் செல்ல, பலகையில் நின்றபடி தண்ணீரில் பாயும் விளையாட்டுதான் வேக்போர்டிங். சிங்கப்பூர், தாய்லாந்து போனவர்கள் அங்குள்ள கேபிள் பார்க்குகளில் இதைப் பார்த்திருக்கலாம். நாலைந்து முறை ஓட்டிப் பழகியதும் பலருக்கும் வரும் சந்தேகம் ஒன்று உண்டு. போர்டின் அடியில் இருக்கும் ஃபின்களைக் கழற்றிடலாமா? "கழற்றினாத்தான் சீக்கிரம் கத்துக்க முடியும்" என்பார்கள் சிலர். "அதைத் தொடவே தொடாதே" என்பார்கள் வேறு சிலர். பதில், நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள், எதுவரை கற்றிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஃபின் என்ன வேலை செய்யுது?

மீனின் துடுப்பு மாதிரி, போர்டின் இரு முனைகளிலும் அடிப்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருப்பதுதான் ஃபின். தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, போர்டு பக்கவாட்டில் வழுக்காமல் நேராகப் போக வைப்பது இதன் வேலை. அதனால்தான் புதிதாகக் கற்பவர்களுக்கு ஃபின் உள்ள போர்டு நிதானமாகத் தெரியும். எடையைக் கொஞ்சம் தவறாகப் போட்டாலும் அது சமாளித்துக் கொடுத்துவிடும்.

சிக்கலும் இங்கேதான். போர்டின் ஓரத்தை, அதாவது எட்ஜை, தண்ணீரில் அழுத்தி ஓட்ட வேண்டிய வேலையை ஃபினே செய்துவிடுவதால், கால் அதைக் கற்றுக்கொள்ளாமலே போகலாம்.

இதைக் குழந்தைகள் சைக்கிளில் வரும் பக்கச் சக்கரத்தோடு ஒப்பிடுவதுண்டு. அந்த ஒப்பீடு முழுசா சரியில்லை. படகின் பின்னால் ஓட்டும் தேர்ந்த வீரர்களிலேயே பலர் ஃபின் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். வேகமாக வந்து அலையில் ஏறிக் குதிக்கும்போது போர்டு வழுக்காமல் இருக்க அந்தப் பிடி தேவை. அதனால் ஃபினைக் கழற்றுவதை 'அடுத்த வகுப்புக்குப் பாஸ்' என்று நினைக்க வேண்டாம்.

அப்போ எப்போ கழற்றலாம்?

'இத்தனை நாள் கழிச்சு' என்று கணக்கெல்லாம் கிடையாது. தண்ணீரிலிருந்து தடுமாறாமல் எழ முடிகிறதா? குதிகால் பக்க எட்ஜ், விரல் பக்க எட்ஜ் இரண்டிலும் நினைத்த திசைக்குப் போய், நினைத்த இடத்தில் திரும்ப முடிகிறதா? இந்த இரண்டும் கைவராதவரை ஃபின் இருக்கட்டும். குறிப்பாக விரல் பக்கம். நிறைய பேர் குதிகால் பக்கம் மட்டும் நன்றாகப் பழகிவிட்டு, எல்லாம் தெரிஞ்சுடுச்சுன்னு நினைத்துவிடுவார்கள்.

அடுத்த அறிகுறி சர்ஃபேஸ் 180. குதிக்காமல், தண்ணீர் மேலேயே போர்டை அரைச்சுற்று திருப்பி, பின்காலை முன்காலாக்கும் பயிற்சி இது. பெரிய ஃபின் இருந்தால் போர்டு பாதி திரும்பியதும் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும், ஆள் முன்னால் போய் விழுவார். எட்ஜ் சரியாக வந்தும் இந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப விழுகிறீர்கள் என்றால், ஃபினைக் குறைக்க நேரம் வந்துவிட்டது.

கேபிள் பார்க்கில் கணக்கு வேற. அங்கே ரெயில், பாக்ஸ் போன்ற தடைகள் மீது போர்டு உரசிப் போக வேண்டும். ஃபினோடு ஏறினால் சட்டென்று மாட்டிக்கொள்ளும். ஃபின் உடையலாம், தடையின் மேற்பரப்பும் கிழியலாம். அதனால் பல பார்க்குகள் ஃபினோடு தடைகளில் ஏற அனுமதிப்பதில்லை. ரெயில் பக்கம் போகிற ஐடியா இருந்தால், முதலில் சில சுற்றுகள் ஃபின் இல்லாமல் வெறும் தண்ணீரில் ஓட்டிப் பழகிவிட்டுப் போங்கள்.

மொத்தமா கழற்றணுமா?

வேண்டாம். முதலில் நீளமான ஃபினுக்குப் பதிலாகக் குட்டையானதை மாட்டிப் பாருங்கள். நடுவில் தனியாக ஒரு ஃபின் இருந்தால் அதை எடுத்துவிட்டும் ஓட்டலாம். எதைச் செய்தாலும் இரு முனையிலும் ஒரே மாதிரி செய்யுங்கள். பின்னால் மட்டும் ஃபின் இருந்தால் அம்பின் இறகு மாதிரி போர்டை நேராக வைத்திருக்கும், சரி. ஆனால் 180 திரும்பியதும் அந்த இறகு முன்னால் வந்துவிடும். போர்டு பழையபடி திரும்பவே துடிக்கும். சில போர்டுகளில் ஃபின் உடம்போடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும்; அதை அறுக்க முயற்சிக்காதீர்கள்.

முதல் நாள் உஷார்

ஃபின் இல்லாத போர்டு முதலில் சோப்பு மேல் நிற்பது போல இருக்கும். போர்டு பக்கவாட்டில் வழுக்கி, கீழ்நோக்கிய எட்ஜ் திடீரென தண்ணீரில் குத்திக்கொண்டால் ஆள் ஒரே நொடியில் முகமோ பின்தலையோ தண்ணீரில் அறைய விழுவார். வேக்போர்டில் மோசமான விழுதல்களில் இது ஒன்று. ஆரம்பநிலைக்கான சுமார் 30 கி.மீ. வேகத்திலேயே தண்ணீர் கெட்டியாகத்தான் அடிக்கும். அதனால் அன்றைக்கு வேகத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், அலையில்லாத நேரமாகப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட்டோடு ஹெல்மெட்டும் போடுங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். போர்டைத் தட்டையாக விடாமல், ஏதாவது ஒரு எட்ஜில் மெலிதாக எடை இருக்கட்டும். விழுந்த பிறகு தலைவலி, தலைசுற்றல், வாந்தி, குழப்பம் எது வந்தாலும் அன்றைக்கு ஓட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஒருநாள் முழுக்க ஓட்டியும் எட்ஜ் நிற்கவில்லையா? ஃபினைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம், அதில் ஒரு வெட்கமும் இல்லை. அதற்காகவே கழற்றிய ஸ்க்ரூ, வாஷர்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டு பத்திரமாக வையுங்கள். வேறு அளவு ஸ்க்ரூவைத் திணித்தால் மரை தேய்ந்துவிடும். மாட்டிய பிறகு முதல் சுற்று முடிந்து கரைக்கு வந்ததும் ஒருமுறை கையால் அசைத்துப் பாருங்கள், ஓட்டத்தில் ஸ்க்ரூ தளர்வது சகஜம்.