கடோத்கஜன் (அசைவூட்டத் திரைப்படம்)

சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி 2008இல் வெளிவந்த இந்திய அசைவூட்ட இசைப்படம். பீமனுக்கும் அரக்கியான இடும்பிக்கும் பிறந்த கடோத்கஜனே நாயகன். உருவத்தைக் கண்டு ஊர் அஞ்சினாலும் அவன் பாசக்காரன். பாரதப் போரில், அர்ச்சுனனுக்கென்று கர்ணன் பொத்தி வைத்திருந்த சக்தி ஆயுதத்தைத் தன்மேல் ஏற்று மாண்டவன்.

கள்ளக்குறிச்சிச் சீமையில் பாரதம் கேட்டும் கூத்துப் பார்த்தும் வளர்ந்தவர்களுக்கு இவனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அதே பாரதப் போரில் களப்பலியான அரவானை நினைந்து அழும் கூவாகம் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

இப்படத்தின் வேர் 1957இல் கே.வி. ரெட்டி இயக்கிய 'மாயா பஜார்'. அதில் சிங்கீதம் உதவி இயக்குநர். எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜன் கல்யாண விருந்தின் முன் உட்கார்ந்திருப்பார். லட்டுகள் தாமாக எழும்பி ஒவ்வொன்றாக அவர் வாய்க்குள் பறக்கும். அரக்கனைக் குழந்தைகளின் தோழனாக்கிய காட்சி அது. அதன் தமிழ்ப் பாட்டை எழுதியவர் தஞ்சை ராமையாதாஸ், பாடியவர் திருச்சி லோகநாதன். ரங்காராவின் கம்பீரம் எந்த வரைகோட்டுக்கும் எளிதில் அடங்காது. ஆனாலும் நினைத்த உருவெடுக்கும் மாயாவிக்கு அசைவூட்டத்தைவிடப் பொருத்தமான ஊடகம் வேறில்லை.