டபுள் பாஸுக்கும் ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர்

போன மாசம் ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துடுச்சு. மும்பையிலிருந்து குவாஹாத்தி. பேங்க்ல சேர்ந்த இருபது வருஷத்துல இது ஆறாவது ஊர்ங்கறதால தங்கமணி கொஞ்சமும் அசரலை. பரண்ல இருந்து அட்டைப்பெட்டியை இறக்க ஆரம்பிச்சுட்டாங்க. இந்தத் தடவை சிக்கல் ஹால் மூலையில ஆறடி உயரத்துக்கு நிக்குது. என் பொண்ணோட டபுள் பாஸ்.

தெரியாதவங்களுக்கு: டபுள் பாஸ்ங்கறது வயலின் குடும்பத்துப் பெரியண்ணன். நின்னுக்கிட்டு வில்லாலயும் வாசிக்கலாம், விரலால மீட்டியும் வாசிக்கலாம். இளையராஜா பாட்டுல அடியில தனி வழியில நடந்து போகுமே பாஸ் கிட்டார், அதுக்குத் தாத்தா. பாந்த்ராவில பொண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிற சார்கிட்டதான் பழசா வாங்கினோம்.

சாமான் ஏத்துற கம்பெனி ஆள் உறையோட பார்த்துட்டு, "இது என்ன சார், அலமாரியா?"ன்னு கேட்டார். தனியா மரப்பெட்டி அடிக்கணும், உடைஞ்சா பொறுப்பில்லைன்னார். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் எனக்குள்ள தூங்கிட்டிருந்த பி.காம் முழிச்சுக்கிட்டான். இதை வித்துட்டு எலெக்ட்ரிக் அப்ரைட் பாஸ் வாங்கிட்டா என்ன? தந்தி நீளம் கிட்டத்தட்ட அதேதான், உடம்பு மட்டும் ஒல்லிக் கட்டை. தோள்ல மாட்டிக்கிட்டுப் போயிடலாம். ஹெட்ஃபோன் போட்டா கீழ் வீட்டுக்காரருக்கும் நிம்மதி. பொண்ணுகிட்ட சொன்னேன். "அது வேற வாத்தியம்ப்பா"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டா. அப்படி என்னதான் வேறன்னு படிக்க உட்கார்ந்தேன். மூணு ஞாயிற்றுக்கிழமை போச்சு. அதோட விளைவுதான் இந்தப் பதிவு.

டபுள் பாஸுக்கு ரெண்டு பழைய வியாதி. ஒண்ணு, தூக்க முடியாது. ரெண்டு, கேட்காது. இவ்வளவு பெரிய உடம்பை வெச்சுக்கிட்டு கேட்காதான்னு நினைப்பீங்க. அதோட அடித்தந்தி நொடிக்கு 41 தடவைதான் அதிருது. காத்துல அந்த ஒரு அலையோட நீளமே எட்டு மீட்டருக்கு மேல. அதைக் காதுல விழற மாதிரி எழுப்ப நிறையக் காத்தை அசைக்கணும். அதுக்குத்தான் அவ்வளவு பெரிய பெட்டி. அப்பவும் ட்ரம்ஸும் ட்ரம்பெட்டும் சேர்ந்துட்டா காணாமப் போயிடும். 1925-ல மைக் வெச்சுப் பதிவு பண்ற முறை வர்றதுக்கு முன்னாடி, அமெரிக்க ஜாஸ் ரெக்கார்டுகள்ல பாஸுக்குப் பதிலா ட்யூபாவை ஊதினதுண்டு. நியூ ஆர்லியன்ஸ்காரர் பாப்ஸ் ஃபாஸ்டர் மாதிரி ஆட்கள் ஆட்டுக்குடல் தந்தியை இழுத்து, அது பலகையில அடிச்சுக்கிற சத்தத்தையே தாளமாக்கினாங்க.

1930-களின் நடுவுல ரிக்கன்பேக்கர், ரீகல், வேகான்னு மூணு அமெரிக்கக் கம்பெனிகள் தனித்தனியா எலெக்ட்ரிக் அப்ரைட் பாஸ் செஞ்சு பார்த்தாங்க. அதே காலத்துல சியாட்டில்ல பால் டட்மார்க்னு ஒருத்தர். அவர் பேண்ட்ல எல்லாரும் ஒரே கார்ல அரட்டை அடிச்சுக்கிட்டுப் போவாங்களாம். பாஸ்காரர் மட்டும் தனியா. வாத்தியத்தை ஏத்தினா அவர் கார்ல டிரைவர் சீட் மட்டும்தான் மிச்சம். அவர் மேல பரிதாபப்பட்டுத்தான் டட்மார்க் சின்ன எலெக்ட்ரிக் பாஸ் செய்ய ஆரம்பிச்சார்னு அவர் மகன் சொல்லியிருக்கார். முதல்ல நிக்கிற வகை, அப்புறம் 1936 வாக்குல கிட்டார் மாதிரி கையில பிடிக்கிற ஆடியோவாக்ஸ். எதுவும் பெரிசா விக்கலை. அன்னிக்கு இருந்த ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இவ்வளவு கீழ் ஸ்வரத்தைத் தாங்கலை. வாத்தியம் ரெடி, ஸ்பீக்கர் ரெடி இல்லை.

எவரெட் ஹல்னு ஒரு பாஸ் வாசிப்பாளர் வேற வழியில போனார். மரப்பெட்டி அப்படியே இருக்கட்டும், அதைத் தாங்கற முளைக்குள்ள ஒரு மைக்கைச் சொருகுவோம்னு 1946-ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். 'ஆம்ப்ளிஃபைட் பெக்'ங்கறதைச் சுருக்கித்தான் ஆம்பெக்ங்கற கம்பெனிப் பேரே வந்தது. 1951-ல லியோ ஃபெண்டர் பிரசிஷன் பாஸ் கொண்டுவந்தார். 42 அங்குலம் வாக்குல இருந்த தந்தி 34 ஆச்சு, கூடவே வீணையோட மெட்டு மாதிரி ஃப்ரெட். கிட்டார்காரரே பாஸும் வாசிக்கலாம்னு ஆனதும், டான்ஸ் பேண்ட்ல தாத்தாவுக்கு வேலை போச்சு.

எனக்கு சுவாரசியமா இருந்தது 1962 கதை. டோபியேரா சகோதரர்கள் செஞ்ச ஜோர்கோங்கற பிளாஸ்டிக் உடம்பு பாஸை ஆம்பெக் வாங்கி, திருத்தி, 'பேபி பாஸ்'னு வித்தாங்க. ஜாஸ்காரங்க மூக்கைச் சுளிச்சாங்க. ஆனா நியூயார்க்ல இருந்த போர்ட்டோ ரிக்கோ, கியூபா இசைக்காரங்க பிடிச்சுக்கிட்டாங்க. அதோட மொத்தையான 'தும்' சத்தம் காங்கா மேளத்தோட பிரமாதமா சேர்ந்தது. சால்சா இசையோட அடையாளமே ஆயிடுச்சு.

ஜெர்மனிக்காரர் எபர்ஹார்ட் வெபரும் அப்படித்தான். 1970-களின் தொடக்கத்திலிருந்து அஞ்சு தந்தி எலெக்ட்ரிக் அப்ரைட் வாசிச்சார். கட்டை உடம்பு தந்தியோட சக்தியைச் சீக்கிரம் உறிஞ்சிக்காது. அதனால ஸ்வரம் நீளமா நிக்கும். அதையே தன்னோட பாணி ஆக்கிக்கிட்டார். 2007-ல பக்கவாதம் வந்து வாசிக்க முடியாமப் போனப்ப, பழைய கச்சேரிப் பதிவுகள்ல இருந்த தன்னோட தனி வாசிப்புகளை வெச்சு 2012-ல ஒரு ஆல்பமே பண்ணினார்.

அதாவது, மாத்து வாத்தியமா வாங்கினவங்க குறை சொன்னாங்க. தனி வாத்தியமா எடுத்துக்கிட்டவங்க ஜெயிச்சாங்க. என் பொண்ணு ஒரு வரியில சொன்னதைப் புரிஞ்சுக்க எனக்கு எண்பது வருஷ சரித்திரம் தேவைப்பட்டுது :-)

இன்னொரு விஷயம், அவளைக் கவனிச்சப்பதான் தெரிஞ்சுது. பாஸை இடுப்புல சாய்ச்சுக்கிட்டு வில்லை இழுக்கிறப்ப, ஸ்வரம் சரியான்னு காதுக்கு முன்னாடி அவ உடம்புக்குத் தெரியுது. ஒல்லிக் கட்டையில அந்தச் சாய்மானம் கிடையாது.

ஊர்ல இருக்கிற அம்மாவுக்கு ஃபோன் பண்ணினப்ப இதையெல்லாம் சொன்னேன். அம்மாகிட்ட ஒரு தஞ்சாவூர் தம்புரா இருந்தது. பலாமரம். அப்பாவுக்கு வடக்கே வேலை மாறினப்ப, ரயில்ல உடைஞ்சுடும்னு சொந்தக்காரங்க வீட்டுல விட்டுட்டு வந்தாங்க. அப்புறம் எலெக்ட்ரானிக் தம்புராதான். அந்தச் சின்னப் பெட்டியைக் குறை சொல்லி நான் கேட்டதே இல்லை. சுருதி ஒரு நாளும் இறங்கினதில்லை. ஆனா அன்னிக்கு ஃபோன்ல கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "பெட்டி அடிக்க எவ்வளவுடா கேக்கறான்? நான் அனுப்பறேன்"னு மட்டும் சொன்னாங்க.

பணம் அனுப்ப வேண்டாம்னுட்டேன். மரப்பெட்டிக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. கணக்குப் பார்த்தா நஷ்டம்தான். எந்தத் தலைப்புல எழுதறதுன்னு பி.காம்ல சொல்லித் தரலை. எலெக்ட்ரிக் பாஸ் வேணும்னா அவ சம்பாதிச்சு வாங்கிக்கட்டும், ரெண்டாவது வாத்தியமா.

குவாஹாத்தித் தமிழ் நண்பர்களே, மாடிப்படி அகலமா இருக்கிற வீடு ஏதாவது தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க. கீழ் வீட்டுல காது கொஞ்சம் மந்தமா இருந்தா இன்னும் விசேஷம்!