லித்தியத்தை விட்டுவிடும் நண்பன்

1878-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில், பிராஞ்ச்வில் குவாரியில் கிடைத்த லித்தியம் மாங்கனீசு பாஸ்பேட் கனிமத்துக்கு பிரஷும் டேனாவும் வைத்த பெயர் லித்தியோஃபிலைட். கிரேக்கத்தில் 'லித்தியத்தின் நண்பன்'. இதன் இரும்புப் பங்காளி ட்ரிஃபிலைட்டுக்கு 1834-லேயே பெயர் வச்சாச்சு. ரெண்டுக்கும் நடுவே சுவர் கிடையாது; மாங்கனீசும் இரும்பும் எந்த விகிதத்திலும் கலந்திருக்கலாம். எது அதிகமோ, அதை வைத்துத்தான் பெயர்.

எனக்கு அந்த 'நண்பன்'தான் இடிக்குது. மாங்கனீசு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் இந்தக் கல் லித்தியத்தைத்தான் வெளியே விடும். சட்டகம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். தேன்நிறம் போய் ஊதாவாகும். அந்த ஊதாக் கல்தான் 1905-ல் விவரிக்கப்பட்ட பர்ப்புரைட்.

1997-ல் குட்இனஃப் குழு இரும்பு வகையிலிருந்து இதேபோல லித்தியத்தை மின்சாரத்தால் வெளியே எடுத்து, திரும்ப உள்ளேயும் அனுப்பியது. இன்றைய எல்எஃப்பி பேட்டரி அதுதான். மாங்கனீசு வகை கூடுதல் வோல்டேஜ் தரும், ஆனா மின்கடத்தல் ரொம்ப மோசம்.