கோல்ட் வழக்கும் சிறுவர் நீதியும்

1899ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது சிறுவர் நீதிமன்றத்தை நிறுவியோர் குற்றவாளியைத் தேடவில்லை. வழிதவறிய பிள்ளையையே தேடினர். அதற்கு முன்னர் 7 வயதைக் கடந்த சிறுவன் வளர்ந்தோருக்குரிய மன்றிலே நிறுத்தப்படவும், அவர்களுடன் சிறை வைக்கப்படவும் கூடும். புதிய மன்றில் நீதிபதி தந்தையின் நிலையில் அமர்ந்தார். தந்தைக்கும் மகனுக்கும் இடையே சட்டத்தரணி எதற்கு? குறுக்கு விசாரணை எதற்கு? இவ்வாறெண்ணியே வழக்கு நடைமுறைகள் தளர்த்தப்பட்டன. எண்ணம் நல்லதே. ஆயின் அதன் விளைவு 65 ஆண்டுகளின் பின்னர் அரிசோனா மாநிலத்திலே வெளிப்பட்டது.

1964 யூன் 8ஆம் திகதி, ஜெரால்ட் கோல்ட் என்னும் 15 வயதுச் சிறுவன், அயலில் வாழ்ந்த பெண்ணொருவருடன் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்ற முறைப்பாட்டின்பேரில் பிடிக்கப்பட்டான். வேலைக்குச் சென்றிருந்த பெற்றோருக்கு அறிவித்தல் எதுவும் வைக்கப்படவில்லை. முறைப்பாடு செய்த பெண் மன்றுக்கு வரவேயில்லை. விசாரணை பதிவு செய்யப்படவுமில்லை. ஒரு வாரத்தினுள் தீர்ப்பு: இடையில் விடுவிக்கப்பட்டாலன்றி, 21 வயது நிறையும்வரை அரச தொழிற் பாடசாலை. அதே குற்றத்தை வளர்ந்த ஒருவர் புரிந்திருப்பின், 5 முதல் 50 டொலர் வரையான அபராதம், அன்றேல் இரண்டு மாதத்துக்கு மேற்படாத சிறை. தண்டனையன்று, பாதுகாப்பே எனப்பட்ட ஒன்று தண்டனையிலும் பன்மடங்கு நீண்டிருந்தமை நோக்கத்தக்கது. மேன்முறையீட்டுக்கும் அம்மாநிலச் சட்டம் இடமளிக்கவில்லை. பெற்றோர் ஆட்கொணர்வு மனுவினூடாகவே மேல் மன்றுகளை நாட வேண்டியதாயிற்று.

1967 மே 15இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை நீதியரசர் ஏப் போட்டாஸ் எழுதினார். குற்றச்சாட்டை முன்கூட்டியே அறிதல், சட்டத்தரணியைப் பெறுதல், எதிர்ச்சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தல், தனக்கெதிராகத் தானே சான்று கூறாதிருத்தல் ஆகியன சிறுவர்க்கும் உரியவாயின. நீதியரசர் பொற்றர் ஸ்ருவேட் இதனை ஏற்கவில்லை. வளர்ந்தோர் மன்றின் நடைமுறை சிறுவர் மன்றினுள் புகுந்தால் அதன் கடுமையும் உடன்புகும் என்பது அவர் அச்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் 12 வயதுச் சிறுவனொருவன் முறைப்படி விசாரிக்கப்பட்டே தூக்கிலிடப்பட்டதை அவர் நினைவூட்டினார்.

அவ்வச்சம் முற்றும் வீணன்று. 1978இல் நியூயோர்க் நகரச் சுரங்க ரயிலில் 15 வயதினனொருவன் புரிந்த கொலைகளுக்கு உயர்ந்தபட்சம் ஐந்தாண்டுத் தடுப்பே விதிக்க முடிந்தபோது பொதுமக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டே, கொலைக் குற்றஞ் சாட்டப்பட்ட 13 வயதினரையும் வளர்ந்தோராகக் கொண்டு விசாரிக்க அம்மாநிலம் சட்டமியற்றியது. எனினும் இதனைக் கோல்ட் தீர்ப்பின்மேற் சுமத்துதல் பொருந்தாது. செயலைப் புரிந்தவன் இவன்தானா என்பதை அறியும் வழியையே அத்தீர்ப்பு வகுத்தது. புரிந்தவனை எவ்வளவு காலம் தடுத்து வைப்பது என்பது வேறு வினா. அவ்வினாவின் ஒரு பகுதிக்கு உயர் நீதிமன்றம் 2005இல் விடை கூறியது: 18 வயது நிறையுமுன் புரிந்த குற்றத்துக்கு மரண தண்டனை ஆகாது என்பதே அது.