மாட்ரிட்டில் முட்டை, மெக்சிகோவில் மக்காச்சோளம்

டெக்சாஸ்காரர் ஒருவர் மாட்ரிட் நகரத்து மதுக்கடையில் உட்கார்ந்து 'தோர்த்தியா' கேட்டால், ஊரில் சாப்பிட்டுப் பழகிய மெல்லிய ரொட்டி வராது. உருளைக்கிழங்கையும் முட்டையையும் சேர்த்து எண்ணெயில் வேகவைத்து, இரண்டு விரற்கடை கனத்தில் முக்கோணமாக வெட்டிய துண்டு ஒன்று தட்டில் வரும். பெரும்பாலும் ஆறிப்போயிருக்கும், அங்கே அப்படித்தான் சாப்பிடுவார்கள். அவர் ஸ்பானிய மொழியை ஒழுங்காகப் படித்தவராகவே இருக்கலாம், உச்சரிப்பும் சரியாக இருந்திருக்கலாம். ஆனால் அமெரிக்க ஆங்கிலத்துக்குள் அந்தச் சொல் மெக்சிகோ வாசல் வழியாக நுழைந்தது. ஸ்பெயினுக்கு அந்த வாசலோடு சம்பந்தமில்லை.

நம்மூர் கடைகளில் 'டார்டில்லா' என்று கேட்கிறார்களே, அதே சொல்தான். ஸ்பானிய மொழியில் இரட்டை எல் எழுத்துக்குப் பெரும்பாலான ஊர்களில் 'ய' ஒலிதான். அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரஸ் போன்ற இடங்களில் அது 'ஷ' என்று இழையும்.

சொல்லைப் பிரித்தால் முடிச்சு அவிழ்கிறது. 'தோர்த்தா' என்பது பிற்கால லத்தீனில் வட்ட ரொட்டியைக் குறித்தது. அதன் பின்னே வரும் 'இய்யா' ஸ்பானிய மொழியின் சிறுமை விகுதி. ஆக, தோர்த்தியா என்றால் சின்ன வட்டப் பண்டம், அவ்வளவுதான். மாவா, முட்டையா, கோதுமையா, மக்காச்சோளமா என்று அந்தச் சொல் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அது வடிவத்துக்கு வைத்த பெயர். தட்டையாகவும் வட்டமாகவும் எது கண்ணில் பட்டாலும் அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும்.

1519-இல் ஹெர்னான் கொர்த்தேஸின் படை மெக்சிகோவில் இறங்கியபோது நடந்ததும் அதுதான். அங்கே நாவாத்ல் மொழி பேசியவர்கள் தங்கள் அன்றாட உணவை 'த்லாஷ்கல்லி' என்று அழைத்தார்கள். கொர்த்தேஸுக்குத் தோள்கொடுத்த த்லாஷ்கலா நாட்டின் பெயரே அந்த ரொட்டி கிடைக்கும் இடம் என்ற பொருளில் வந்தது. இன்றும் அது மெக்சிகோவின் மாநிலங்களுள் ஒன்று. ஸ்பானியர்களின் நாக்குக்கு அந்த ஒலி வசப்படவில்லை. பார்க்கத் தங்கள் ஊர்ச் சின்னத் தோர்த்தா போல இருந்ததால் அந்தப் பெயரையே சூட்டிவிட்டார்கள். 1571-இல் வெளிவந்த அலோன்ஸோ தெ மொலினாவின் நாவாத்ல் அகராதியிலேயே இந்த இணைப்பு பதிவாகிவிட்டது. பெர்னார்தினோ தெ சாஹகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி 1577 வாக்கில் முடித்த பெருந்தொகுப்பில் பிரபுக்கள் உண்ட ரொட்டி வகைகள், சந்தையில் ரொட்டி விற்றவர்கள் எனப் பக்கம் பக்கமாக வருகிறது. பலவகை ரொட்டிக்கும் பல பெயர் இருந்த இடத்தில் ஸ்பானியர்கள் ஒற்றைச் சொல்லைப் போட்டு மூடினார்கள்.

ரொட்டியின் பெயர்தான் மாறியது. அதைச் சுற்றியிருந்த சொற்கள் அசையவில்லை. ரொட்டி சுடும் வட்ட ஓடு இன்றும் 'கொமால்', நாவாத்லின் கொமல்லியிலிருந்து வந்தது. மூன்று குட்டைக் கால்களோடு சரிந்து நிற்கும் அரைகல் 'மெத்தாத்தே'. நம் அம்மிக்குக் கால் முளைத்தது போல இருக்கும். அரைப்பதற்குப் பதப்படுத்திய மக்காச்சோளம் 'நிக்ஸ்தமால்'. சாம்பலைக் குறிக்கும் நெஷ்த்லியும், அவித்த மாவுப் பண்டத்தைக் குறிக்கும் தமல்லியும் சேர்ந்து உண்டான சொல் அது. இந்த மூன்றுக்கும் ஸ்பானிய சமையலறையில் இணையில்லை. அதனால் பெயரோடு சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நிக்ஸ்தமாலின் வேலைமுறை எளிது. காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட வேண்டும். வெற்றிலைக்குத் தடவும் அதே சுட்ட சுண்ணாம்புதான். சில இடங்களில் சாம்பல் நீரும் பயன்பட்டது. பெயரில் சாம்பல் நிற்பது அதனால்தான். காலையில் தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். கழுவி அரைத்தால் பிசுபிசுப்பான மாவு கிடைக்கும்; அது கையில் தட்டக்கூடிய பதத்தில் இருக்கும். ஊறவைக்காத மக்காச்சோள மாவைத் தட்டினால் விரிசல் விட்டு உதிரும். மெத்தாத்தேயின் முன் முழந்தாளிட்டு அரைப்பது பெண்களின் தினசரி பல மணி நேர உழைப்பாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஊருக்கு ஊர் நிக்ஸ்தமால் அரவை ஆலை வந்த பிறகே அந்தப் பாரம் இறங்கியது.

சுண்ணாம்பு இன்னொரு காரியமும் செய்தது. மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்னும் வைட்டமின், உடலுக்கு எளிதில் கிடைக்காதபடி கட்டுண்டு கிடக்கும். சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்க்கும். மெக்சிகோ மக்களுக்கு இந்த வேதியியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, பழக்கம் போதும். ஐரோப்பா மக்காச்சோள விதையை மட்டும் கப்பலேற்றியது. சுண்ணாம்பை மறந்தது.

விளைவு ஸ்பெயினிலேயே தெரிந்தது. 1735-இல் அஸ்தூரியாஸ் பகுதியில் மருத்துவம் பார்த்த காஸ்பார் கசால், மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை விவசாயிகளின் தோல் சிவந்து வெடிப்பதைக் குறித்துவைத்தார். இத்தாலியர்கள் பின்னாளில் அந்த நோய்க்குச் சூட்டிய 'பெலாக்ரா' என்ற பெயர்தான் உலகெங்கும் நிலைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களையும் அது வாட்டியது. 1937-இல் கான்ராட் எல்வெஹியெம் நியாசினை அடையாளம் கண்ட பிறகே காரணம் துலங்கியது. தோர்த்தியா என்ற பெயரைக் கொடுத்தவர்கள், பதிலுக்கு அதன் செய்முறையையும் கேட்டு வாங்கியிருக்கலாம்.

இனி ஸ்பெயின் தட்டுக்கு வருவோம். அங்கே முட்டைத் தோர்த்தியா உருளைக்கிழங்குக்கு முந்தியது. அரண்மனைச் சமையல்காரர் பிரான்சிஸ்கோ மார்த்தினெஸ் மொந்தீன்யோ 1611-இல் வெளியிட்ட சமையல் நூலிலேயே முட்டையில் செய்த தோர்த்தியாக்கள் உண்டு. கிழங்கு அப்போது தென் அமெரிக்காவிலிருந்து வந்து, சந்தேகப் பார்வையோடு தோட்டத்தில் ஒதுங்கி நின்றது. அதன் பெயரிலும் ஒரு குளறுபடி: ஆண்டீஸ் மலையின் கெச்சுவா மொழியில் அது 'பாப்பா', கரீபியத் தீவுகளில் சர்க்கரைவள்ளிக்குப் பெயர் 'பதாதா'. இரண்டையும் குழப்பி ஸ்பெயின் உண்டாக்கிய கலப்புச் சொல் 'பத்தாதா'. லத்தீன் அமெரிக்காவில் இன்றும் பாப்பாதான். இப்படியாக, மெக்சிகோ ரொட்டியின் பெயர் ஸ்பெயினிலிருந்து போனது. ஸ்பெயின் தோர்த்தியாவின் கிழங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது.

உருளைக்கிழங்குத் தோர்த்தியாவைக் கண்டுபிடித்தது யார் என்ற கேள்விக்கு ஸ்பானியர் வழக்கமாகச் சொல்லும் கதை, 1835-இல் பில்பாவோ முற்றுகையின்போது தளபதி சுமலகாரெகி தன் வீரர்களின் பசியாற்ற அதை உண்டாக்கினார் என்பது. சமையல் கண்டுபிடிப்புகளைத் தளபதிகள் கணக்கில் எழுதுவது ஐரோப்பியர்களுக்குக் கைவந்த கலை. ஹவியேர் லோப்பெஸ் லினாஹே என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டும் ஆவணமோ 1798-ஐச் சேர்ந்தது. எஸ்த்ரேமதுரா பகுதியின் வியநுவேவா தெ லா செரேனா ஊரில், பஞ்சத்துக்கு மலிவான உணவு தேடியவர்கள் கிழங்கை வைத்துச் செய்த சோதனைகளை அது சொல்கிறது. வறுமை கண்டுபிடித்தது என்ற இந்தக் கதைதான் நம்பும்படி இருக்கிறது. இப்போதைய சண்டை வேறு: வெங்காயம் போடலாமா கூடாதா என்பதில் நாடே இரண்டு கட்சி. கலீசியாவின் பெத்தான்சோஸ் ஊரார் வெங்காயத்தையும் விலக்குவார்கள், நடுப்பகுதியையும் குழகுழவென்று விட்டுவிடுவார்கள்.

தாய்ச்சொல்லான தோர்த்தாவும் சும்மா இருக்கவில்லை. மெக்சிகோவில் அது ரொட்டிக்கு நடுவே இறைச்சி வைத்தது; அர்ஜென்டினாவில் பிறந்தநாள் கேக்; பிலிப்பைன்ஸில் ஆம்லெட்; ஸ்பெயினில் பேச்சுவழக்கில் கன்னத்தில் விழும் அறைக்கும் அதே பெயர். கேக் வேண்டும் என்று கேட்கும் முன் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஆங்கிலம் பேசுபவர்களை மேலும் குழப்புவது, மெக்சிகோவிலேயே தோர்த்தியா ஒன்றல்ல என்பது. கோதுமை விளையும் வடக்கில் மைதாத் தோர்த்தியா உண்டு. சொனோரா மாநிலத்தில் அதைக் கையின் மேலே வீசி வீசி முழ அகலத்துக்கு விரிப்பார்கள்; 'அக்குள்' என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து அதற்கு 'சொபக்கேரா' என்று பெயர். தெற்கே வகாகாவில் பெரிதாகச் சுட்டு மொறுமொறுப்பாக்கியது 'த்லாயுதா'. அமெரிக்கக் கடைகளில் பரவலாக விற்கும் மைதா ரகம் வடக்கின் வாரிசு. நம்மூர்க் கடைகளில் 'ராப்' என்று விற்பதும் அதுதான்.

1985 நவம்பரில் அட்லாண்டிஸ் விண்கலத்தில் பறந்த மெக்சிகோ வீரர் ரொதோல்போ நேரி வேலா தோர்த்தியாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ரொட்டித் துகள்கள் மிதந்து கருவிகளுக்குள் புகுந்துவிடும் விண்வெளியில், துகள் உதிராத இந்தத் தட்டை ரொட்டி தோதாகப்பட்டது. பிறகு நாசாவின் உணவுப் பட்டியலில் அது நிலையான இடம் பிடித்தது. தரையில் அதன் பலம் வேறு மாதிரித் தெரிந்தது: 2007 தொடக்கத்தில் மக்காச்சோள விலை ஏற, ஜனவரி 31 அன்று மெக்சிகோ நகரில் பெருந்திரள் ஊர்வலம் நடந்தது. அதற்கு முன்பே, குடியரசுத் தலைவர் பெலிப்பே கால்தெரோன் கிலோவுக்கு 8.50 பெசோ என்று தோர்த்தியா விலையைக் கட்டுப்படுத்த வணிகர்களோடு உடன்பாடு செய்ய வேண்டிவந்திருந்தது.

இரண்டு தட்டுகளும் ஒன்றுசேரும் இடம் பழமொழி. ரொட்டி இல்லாத இடத்தில் தோர்த்தாவே மேல் என்பது ஸ்பெயின் பேச்சு. மெக்சிகோவில் அதன் கடைசிச் சொல் தோர்த்தியா ஆகிவிட்டது. நிலைமை தலைகீழானால் 'தோர்த்தியா புரண்டது' என்று இரண்டு நாட்டிலும் சொல்வார்கள். ஸ்பெயின்காரர் மனதில் அப்போது வாணலிமேல் தட்டைக் கவிழ்த்து, ஒரே மூச்சில் புரட்டும் முட்டைப் பண்டம் இருக்கும்; மெக்சிகோக்காரர் மனதில் கொமாலில் விரலால் திருப்பும் ரொட்டி இருக்கும்.